முத்திரையும் முடிக்கற்றையும்

பொன்னின் மதிப்பு அதன் மாற்றில் உள்ளது என்பர் தட்டார். அது தாங்கிய நினைவிலும் உள்ளது என்பேன் நான். விக்டோரியா மகாராணியார் காலத்துப் (1837–1901) பிரித்தானியப் பொன்னணிகள் இதற்குச் சான்று பகரும்.

1854இல் எழுந்த சட்டம், 22, 18 காரட்டுடன் 15, 12, 9 காரட் பொன்னுக்கும் முத்திரையிட இடமளித்தது. மாற்றுக் குறையவே விலையும் குறைந்தது. நடுத்தர மக்களும் பொன் பூண்டனர். 1932இல் 15, 12 காரட் தரங்கள் நீக்கப்பட்டு, 14 காரட் புகுந்தது. ஆதலின், பதக்கமொன்றில் ‘15’, ‘.625’ என்னும் பிரித்தானிய முத்திரை காணப்படின், அஃது இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது எனத் துணியலாம். எனினும், முத்திரை பெறாத நல்லணிகளும் பலவுண்டு. முத்திரை இன்மை ஒன்றே போலிக்குச் சான்றாகாது.

1861 டிசெம்பரில் அல்பேட் இளவரசர் மறைந்தார். அரசியார் தம் வாழ்நாள் முழுவதும் துக்க உடை களைந்திலர். நாட்டிலும் துயரணிகள் பெருகின: மண்ணுட் புதைந்த தொன்மரம் கறுத்து இறுகிய விற்பி நகரத்து ஜெற், பொன்மீது கரிய மினா வேலைப்பாடு, கண்ணாடியின் கீழ் மாண்டாரின் முடிக்கற்றை, பின்புறத்தே பெயரும் இறந்த நாளும்.

பொன் விலை ஏறுந்தோறும் இவற்றை உருக்குவோரும் பெருகுகின்றனர். உலையிலிட்டால் எஞ்சுவது சில கிராம் உலோகமே. யாரோ ஒரு தாய் பேணிய குழந்தையின் கூந்தலும் பெயரும் மீளா. மதிப்பறியாது அழிப்பதினும் அறிந்து காப்பது நன்று. பழநகை கைக்கு வந்தால், தராசில் இடுமுன் அதன் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.