ஹெல்சின்கி–டோக்கியோ: பதின்மூன்று மணி நேரம்

பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தால் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கிலோமீட்டர். 2022 பிப்ரவரி வரை பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவன விமானங்கள் ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தன. இப்போது பதின்மூன்று மணி நேரம் ஆகிறது. உக்ரைன் போரையொட்டி ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வானை மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. பயண நேரத்தைத் தூரமும் வேகமும் தீர்மானிக்கும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. நெடுந்தூர விமானங்களுக்கு அதற்கும் முன்னால் அனுமதி வேண்டும். தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளி முழுக்க முழுக்க அந்தந்த நாட்டுக்கே உரியது என்று 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை முதல் விதியிலேயே சொல்லிவிட்டது. சைபீரியாவுக்கு மேலே பறக்க ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யாவுக்குப் பல்லாண்டுகள் பணம் கட்டிவந்ததும் அதனால்தான். ஆசியாவுக்குக் குறுக்குவழி என்பதையே முதலாக வைத்துத் தொழில் நடத்திய ஃபின்னேருக்கு இந்த அடி மற்றவர்களைவிடப் பலமாக விழுந்தது.

தொழில்நுட்பம் வளர வளர இதெல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் வாதிடலாம். 1983ஐப் பாருங்கள். சோவியத் வான்வெளி கிடைக்காததால் ஃபின்னேர் அந்த ஆண்டு டிசி-10 விமானத்தை வடதுருவத்துக்கு மேலே செலுத்தி, எங்கும் இறங்காமல் டோக்கியோவுக்குக் கொண்டுபோனது. அன்றும் சுமார் பதின்மூன்று மணி நேரம்தான். முப்பது ஆண்டுக்கும் மேல் கழித்து வந்த ஏர்பஸ் ஏ350 எரிபொருளைச் சிக்கனம் செய்கிறது, மறுக்கவில்லை. கடிகாரத்தை அதனால் அசைக்க முடியவில்லை. துருவத்துக்கு மேலே கவலைகளும் பழையவையே. ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. இறக்கைத் தொட்டியின் வெப்பநிலை அதை நெருங்கினால் விமானி சற்று கீழே இறங்கவோ வேகத்தைக் கூட்டவோ வேண்டும். துருவம் கடந்த பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும் அந்தக் கால வழக்கம்கூட 2022இல் திரும்பிவிட்டது. மூன்றரை மணி நேரத்துக்கு இது நல்ல ஈடுதானோ என்னவோ!

காற்றுதான் உண்மையான காரணி என்பது இன்னொரு வாதம். அதில் பாதி உண்மை உண்டு. ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால், டோக்கியோவிலிருந்து திரும்பும்போது எதிர்காற்றைத் தவிர்க்கப் பெரும்பாலும் வடதுருவ வழியையே எடுக்கிறார்கள். போகும்போது துருக்கி, மத்திய ஆசியா, சீனா வழியாகவும் பறக்கலாம். ஆனால் காற்று விமானத்தின் வாலில் எந்த நாட்டுக் கொடி என்று பார்ப்பதில்லை. பீஜிங்–லண்டன் தடத்தில் சீன நிறுவனங்கள் இன்றும் ரஷ்யாவுக்கு மேலேதான் போகின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் சுற்றிப்போக வேண்டியிருந்தது. 2024 அக்டோபரில் அந்தச் சேவையையே நிறுத்திவைத்தது. அதே இரு நகரங்கள், அதே காற்று. நேரம் மட்டும் கொடிக்குக் கொடி வேறு.