வளைந்துயர்ந்த பாதமும் சத்திரசிகிச்சையும்

குறிகட்டுவான் இறங்குதுறையில், நனைந்த காலோடு வள்ளத்தை விட்டு இறங்குவோரின் சுவடுகளைச் சீமெந்துத் தரையிற் காணலாம். பெரும்பாலான சுவடுகளிற் குதிக்காலையும் முன்பாதத்தையும் வெளிப்புறமாக ஓர் அகன்ற பட்டை இணைத்து நிற்கும். சிலருடைய சுவட்டிலோ அப்பட்டை நூலாய் மெலிந்திருக்கும். அல்லது அறவே இராது. குதிக்கால் ஒரு தீவு, விரலடி மற்றொரு தீவு, இடையிலே கடல். இதுவே உயர்வளைவுப் பாதம்.

வளைவு சற்று உயர்ந்திருப்பது மட்டும் நோயன்று. நோவின்றி நடப்பவருக்குச் சிகிச்சையும் வேண்டியதில்லை. ஆனால், உடலின் பாரம் முழுவதும் குதியிலும் விரலடியிலுமே தங்கும்போது அங்கே தோல் காய்த்துத் தடிக்கும். விரல்கள் நகம்போல் மடங்கும். குதிக்கால் உட்புறமாகச் சாய்வதனாற் கணுக்கால் அடிக்கடி பிசகும். நெடுந்தீவின் கரடுமுரடான முருகைக்கல் நிலத்தில் நடப்பவருக்கு இத்துன்பம் சிறிதன்று.

முதிர்ந்தோரிடத்து இதற்குக் காரணம் பெரும்பாலும் பாதத்திலன்று, நரம்பிலேயே உள்ளது. 1886 இல் பாரிஸ் நகரத்துச் சார்கோ, மாரி என்போரும் இங்கிலாந்தில் டூத் என்பவரும் விவரித்த பரம்பரை நரம்புநோய் முதன்மையானது. அதிற் சில தசைகள் மெலிய, எஞ்சிய வலிய தசைகள் பெருவிரலடியைக் கீழ்நோக்கி இழுத்துவிடுகின்றன. இளம்பிள்ளைவாதத்தின் எச்சமாகவும் இது வரும். இலங்கையில் அந்நோய் இறுதியாகக் காணப்பட்டது 1993 இல். ஆகவே அதனாற் பாதம் கோணியோர் யாவரும் இன்று வளர்ந்தோரே. முன்பு நேராயிருந்த ஒரு கால் மட்டும் புதிதாக வளையத் தொடங்கினால், முள்ளந்தண்டில் கட்டி முதலியன உளவோ என்று தாமதமின்றி ஆராய வேண்டும். இதனைச் செருப்பின் குற்றமென்று தள்ளிப்போடுவது ஆபத்தானது.

சத்திரசிகிச்சைக்கு முன் மெத்தென்ற அடியட்டையும் தக்க சப்பாத்தும் கணுக்காற் பட்டையும் பயன்படுத்திப் பார்ப்பது முறை. அவற்றால் ஆறாதபோதே கத்தி எடுக்கப்படும். எதை வெட்டுவது என்று தீர்மானிக்க 1977 இல் கோல்மன் ஓர் எளிய சோதனையைக் காட்டினார். குதிக்காலையும் பாதத்தின் வெளி ஓரத்தையும் ஒரு மரக்கட்டைமேல் வைத்து, பெருவிரலடி கட்டையின் விளிம்புக்கு அப்பால் தாழ்ந்து தொங்குமாறு நோயாளியை நிறுத்துவர். அப்போது குதிக்கால் நிமிர்ந்தால் கோணல் முன்பாதத்தினால் வந்தது. குதிக்கால் இன்னும் இளக்கமுடையது. நிமிராவிடின் குதிக்கால் எலும்பையே திருத்த வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத இச்சோதனையின் அழகு வியக்கத்தக்கது.

யாழ்ப்பாணத்தில் வைத்தியர் கிறீன் தமிழில் வெளியிட்ட 'இரணவைத்தியம்' 1867 இல் வந்தது. இங்கே கூறும் முறைகளோ பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டினவே. உள்ளங்காலின் இறுகிய நாரை அறுத்துத் தளர்த்துவர். மிகையாக இழுக்கும் தசைநாணை எடுத்து, வலுவிழந்த தசையின் இடத்திற் பொருத்துவர்; இஃது இளகிய பாதத்துக்கே பயன்படும். பெருவிரலடி எலும்பில் ஆப்புவடிவத் துண்டொன்றை நீக்கி அதனை மேலே உயர்த்துவர். குதிக்காலெலும்பின் வெளிப்புறத்தில் அவ்வாறே ஆப்பு நீக்கிச் சாய்வை நேராக்கும் முறையை லிவர்பூல் நகரத்து டுவையர் 1959 இல் வெளியிட்டார். மூட்டுகள் விறைத்துத் தேய்ந்துபோன பின் எஞ்சுவது மூன்று மூட்டுகளை ஒன்றாகப் பொருத்திவிடுவதே. நோவு குறையும், ஆனால் பாதத்தின் நெகிழ்வு போய்விடும், ஆண்டுகள் செல்லக் கணுக்கால் மூட்டும் தேயும். ஆதலால் இயன்றவரை மூட்டைக் காப்பதே இன்றைய வழக்கம்.

எந்த முறையும் நரம்புநோயை மாற்றாது. அது மெல்ல வளர்ந்தால் கோணல் மீளவும் கூடும். நீரிழிவும் உணர்ச்சிக் குறைவும் உடையோர்க்குப் புண் ஆறுவதும் கடினம்.

எலும்பை வெட்டியபின் பொதுவாக ஆறு வாரமளவும் அக்காலில் பாரம் வைத்தலாகாது. முழுப் பயனும் தெரியப் பல மாதங்கள் செல்லும். ஊர்காவற்றுறையார் தரைவழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் சென்றுவரலாம். நயினாதீவாரும் நெடுந்தீவாரும் கட்டுப்போட்ட காலோடும் ஊன்றுகோலோடும் ஆடும் வள்ளத்தில் ஏறி இறங்க வேண்டும். மாரிக்காலத்தில் கடல் பொங்கினால் அப்பயணமும் தடைப்படும். ஆகவே நெடுந்தீவார் தம் ஊரின் பெயரை முதல் நாளே வைத்தியரிடம் கூறி, மாரி கழிந்த ஒரு காலத்தைக் குறித்துக்கொள்வதும், முதற்கிழமைகளில் தங்குவதற்கு யாழ்ப்பாணத்தில் உறவினர் வீடொன்றைப் பார்த்துக்கொள்வதும் நன்று.