தேடல் பெட்டியின் ஓரத்தில்

பிரவுசிங் சென்டர் காலத்தில் ஹாட்மெயில் கொடுத்த இடம் 2 எம்பி. வெளிநாட்டிலிருந்து மாமா நாலு கல்யாணப் படம் அனுப்பினால் பெட்டி நிறைந்துவிடும். அடுத்த மெயில் வராது. அதனால் மெயிலைத் திறந்தவர்கள் அங்கேயே முடிவெடுத்தார்கள். வேண்டியதை பிரின்ட் எடுத்தார்கள், மற்றதை அழித்தார்கள்.

2004 ஏப்ரல் 1 அன்று கூகுள், 1 ஜிபி இடத்தோடு ஜிமெயிலை அறிவித்தபோது முட்டாள்கள் தின விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். அன்று வந்தது இடம் மட்டுமல்ல. எதையும் அழிக்க வேண்டாம், தேடி எடுத்துக்கொள்ளலாம் என்ற புது முறையும் கூடவே வந்தது. ஃபோல்டருக்குப் பதில் லேபிள் என்றார்கள்: ஒரே மெயிலை ‘வங்கி’ என்றும் ‘வருமான வரி’ என்றும் இரண்டு பெயரில் வைக்கலாம். நாம் இடத்தை வாங்கிக்கொண்டோம், முறையைக் கற்றுக்கொள்ளவில்லை. அழிக்கும் பழக்கம் போனது. தேடும் பழக்கம் வரவில்லை.

இப்போது இலவச இடம் 15 ஜிபி. போட்டோக்களும் டிரைவும் அதிலேயே பங்கு போடுகின்றன. நிறைந்தால் அன்றுபோலவே மெயில் வருவது நின்றுவிடும். எச்சரிக்கை வந்ததும் பலர் மாதச் சந்தா கட்டிவிடுகிறார்கள். கட்டுவதற்கு முன் ஒருமுறை கணினியில் ஜிமெயிலைத் திறந்து பாருங்கள். தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் சிறு கோடுகள் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ஒரு படிவம் விரியும்: யார் அனுப்பியது, என்ன தேதி, இணைப்பு உண்டா, எவ்வளவு பெரியது. 10 எம்பிக்கு மேல் என்று கேட்டால், இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய பிடிஎஃப்களும் வீடியோக்களும் வரிசையாக வந்து நிற்கும். வேண்டாததை அழித்த கையோடு குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் 30 நாள் வரை அவை அங்கேயே இடம் பிடித்திருக்கும்.

இவ்வளவு வசதி கண்ணில் படாமல் போனதற்கு சோம்பல் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் மெயில் பார்ப்பது போனில். வரும் மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஃபில்டர் வசதி போன் ஆப்பில் கிடையாது. அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெறும் வசதியும் அப்படித்தான் பாதி மறைந்திருக்கிறது. உண்மையில் அங்கே எதுவும் திரும்பி வருவதில்லை. ஜிமெயில் அந்த மெயிலைச் சில வினாடிகள் அனுப்பாமல் கையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். முதலில் அது 5 வினாடி. கணினியில் செட்டிங்ஸுக்குப் போனால் 30 ஆக்கிக்கொள்ளலாம். தவறான ஆளுக்குப் போகும் சம்பளப் பட்டியலைத் தடுக்க அரை நிமிடம் போதும்.

எல்லோரையும் விட வேலை தேடும் பிள்ளைகளுக்கு இந்த ஃபில்டர் வசதி தெரிய வேண்டும் என்பதே என் ஆசை. நேர்முகத் தேர்வு அழைப்பு ஸ்பேமில் விழுந்து, தேதி போன பிறகு கண்ணில் படுவது இன்றும் நடக்கிறது. விண்ணப்பித்த நிறுவனத்தின் முகவரியை தேடல் பெட்டியின் அதே படிவத்தில் இட்டு, அடியில் உள்ள ஃபில்டர் பொத்தானை அழுத்தி, ‘ஸ்பேமுக்கு அனுப்பாதே’ என்பதை டிக் செய்துவிட்டால், அங்கிருந்து வரும் கடிதம் நேரே இன்பாக்ஸில் வந்து நிற்கும்.