ஒளிரும் துகளுக்கு ஒரு மேலுடை

மார்பகப் புற்றுநோய் கண்ட ஒருவரின் திசுவில் ‘ஹெர்2’ என்னும் புரதம் மிகுந்திருக்கிறதா, இல்லையா? டிராஸ்டுசுமாப் என்ற மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று மருத்துவர் முடிவெடுப்பது இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான். ஆனால், புரதம் தானாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன்மீது நிறமோ ஒளியோ ஏற்றிக் காட்ட வேண்டும். அப்படி ஒளியேற்ற ஆய்வாளர்கள் கையிலெடுத்த பொருள்களில் ஒன்றுதான் குவாண்டம் புள்ளி.

கேட்மியமும் செலினியமும் சேர்ந்த மிகச் சிறிய படிகம் அது. குறுக்களவு 2 முதல் 6 நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஒரு மில்லியன் கூறுகளாக்கினால் ஒரு கூறுதான் நானோமீட்டர். புற ஊதாக் கதிர் பட்டால் சிறிய படிகம் நீலமாகவும் பெரியது சிவப்பாகவும் ஒளிரும். வழக்கமான சாயங்கள் விரைவில் வெளுத்துவிடும். இது நெடுநேரம் தாங்கும். இத்தகைய புள்ளிகளைக் கண்டறிந்து, உருவாக்கும் முறையையும் வகுத்ததற்காக எக்கிமோவ், புரூஸ், பவெண்டி ஆகிய மூவருக்கும் 2023ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அப்படியென்றால் நேராக எடுத்துப் பயன்படுத்த வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். தரமான புள்ளிகள் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வெப்பத்தில், எண்ணெய்த் தன்மையுள்ள மூலக்கூறுகளின் நடுவே உருவாகின்றன. அந்த மூலக்கூறுகள் புள்ளியின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொள்வதால் அது தண்ணீரோடு சேராது. இரத்தமும் உயிரணுவும் பெரும்பாலும் தண்ணீர்தானே! எனவே புள்ளிக்கு மேலுடை தேவைப்படுகிறது.

முதலில் துத்தநாக சல்ஃபைடு ஓடு. இது ஒளியைக் கூட்டுகிறது. அதற்கு மேல் எதைப் போர்த்துவது என்பதில் வழிகள் பல. 1998இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில் ஒன்று சிலிக்கா பூச்சைப் பயன்படுத்தியது; மற்றொன்று கந்தகம் கொண்ட சிறு அமிலத்தை ஒட்டவைத்தது. அமில முறையில் துகள் பருக்காது. ஆனால் அந்த அமிலம் நாளடைவில் கழன்றுவிட, துகள்கள் திரண்டு அடியில் படிந்துவிடும். ஒரு பக்கம் எண்ணெயையும் மறுபக்கம் தண்ணீரையும் நாடும் பல்லுறுப்பியைப் போர்த்துவது அடுத்து வந்த வழி. ஒளி குன்றாது, துகள் மட்டும் பெரிதாகிவிடும். 2003இல் உயிரணுக்களின் மேலிருந்த ஹெர்2 புரதத்தை ஒளிரச் செய்து காட்டியது இவ்வகைப் புள்ளிதான்.

மேலுடையைவிடப் பொறுமையைச் சோதிப்பது சுத்திகரிப்பு. உருவான புள்ளிகளை மெத்தனால் சேர்த்து வீழ்படிவாக்கி, மையவிலக்குக் கருவியில் சுழற்றி, மீண்டும் கரைக்கிறார்கள். அரிசி களைவது போலத்தான் இதுவும். குறைவாகக் கழுவினால் மிஞ்சிய எண்ணெய் மூலக்கூறுகள் மேலுடையை ஒழுங்காகப் படியவிடா. அளவுமீறிக் கழுவினாலோ, மேற்பரப்பே வெறுமையாகி ஒளி மங்கும். பல்லுறுப்பியைப் போர்த்திய பிறகும் வேலை ஓய்வதில்லை. உள்ளே புள்ளியே இல்லாத வெற்று உருண்டைகளும் கலந்திருக்கும். கருவியை மிகு வேகத்தில் சுழற்றினால் கனமான புள்ளிகள் அடியில் தங்க, வெற்று உருண்டைகள் மேலே நின்றுவிடும்.

ஏன் இத்தனை மெனக்கெடல்? ஹெர்2வைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளைக் கடைசியாகப் புள்ளியோடு இணைக்கிறார்கள். இணையாமல் தனித்து நிற்கும் எதிர்ப்பொருள் கரைசலில் மிஞ்சினால், அதுவே முந்திச் சென்று புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அதனிடம் விளக்கு கிடையாது. புற்றணு இருந்தும் இருட்டாகவே தெரியும். மேலுடை சரியில்லாத புள்ளியோ கண்ட இடத்திலெல்லாம் ஒட்டி, இல்லாத புரதத்தை இருப்பதாகக் காட்டும். இரண்டுமே நோயாளிக்குத் தவறான பதில்கள்.

இதைத் தவிர்க்க, நுண்துளைக் குருணைகள் நிரப்பிய குழாய் வழியே கரைசலைச் செலுத்துகிறார்கள். சிறிய மூலக்கூறுகள் துளைகளில் புகுந்து தாமதிக்கும். பெரிய துகள்கள் முதலில் வெளிவரும். எதிர்ப்பொருளே ஏறத்தாழ 10 நானோமீட்டர் என்பதால் இரண்டையும் பிரிப்பது எளிதன்று.

கேட்மியம் நச்சு என்பதையும் மறப்பதற்கில்லை. ஓடற்ற புள்ளிகளிலிருந்து கசியும் கேட்மியம் கல்லீரல் உயிரணுக்களைக் கொல்வதாக 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. துத்தநாக சல்ஃபைடு ஓடு அந்தக் கசிவைக் குறைத்தது, முற்றாக நிறுத்தவில்லை. ஆகவே, உடலுக்குள் செலுத்துவதைவிட, உடலிலிருந்து எடுத்த மாதிரிகளைச் சோதிப்பதற்கே இப்புள்ளிகள் பொருத்தமானவை. கேட்மியமே இல்லாத, அகச்சிவப்பு ஒளியை வாங்கிப் பச்சையாக ஒளிரும் துகள்களும் உண்டு. தண்ணீர் பட்டால் அவற்றின் ஒளியும் மங்குவதால், அவற்றுக்கும் மேலுடை வேண்டியிருக்கிறது.