ஒரு தெரு, மூன்று கேபிள்

"எங்க தெருவுக்கு மூணு கம்பெனி கேபிள் இழுத்திருக்கான். பட்டாபிராம் தாண்டி என் தங்கச்சி வீட்டுப் பக்கம் ஒருத்தனும் வரல. அங்க இருக்கறவங்க மட்டும் பில் கட்ட மாட்டாங்களா சார்?" என்று கேட்டார் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர். டீ வர நேரமிருந்தது. இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. ஏனென்றால் தொலைத்தொடர்புத் துறையின் மொத்தப் பொருளாதாரமும் அவர் தெருவுக்கும் தங்கை தெருவுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது.

முதலில் பணம் எங்கே செலவாகிறது என்று பார்ப்போம். ஃபைபர் என்பது 125 மைக்ரான் தடிமனுள்ள கண்ணாடி இழை. அதன் விலை பெரிய விஷயமில்லை. பள்ளம் தோண்ட, தோண்டிய ரோட்டைச் சரிசெய்யப் பணம் கட்ட, அனுமதி வாங்க, ஆட்களுக்குக் கூலி கொடுக்கத்தான் பெரும் பணம் போகிறது. கம்பெனியின் அறையிலிருந்து கிளம்பும் ஓர் இழை தெருமுனைப் பெட்டிக்குள் வருகிறது. அங்கே ஸ்பிளிட்டர் அதை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிக்கிறது. வீட்டுக்குள் வந்த முனையை டெக்னீஷியன் மேலுறை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, ஸ்பிளைசிங் மெஷினில் வைத்து ஒட்டுகிறார். ஒட்டு சரியாக அமைந்தால் மோடத்தில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணையும். இன்று பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் அந்த ஓர் இழையில் நொடிக்கு 2.5 கிகாபிட் இறங்குகிறது. நாளைக்கு 10 கிகாபிட் வேண்டுமானால் இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகளை மாற்றினால் போதும். நடுவில் இருக்கும் இழை அப்படியே இருக்கலாம்.

இது முக்கியமான செய்தி. புதைத்த இழையும் குழாயும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். இருமுனைப் பெட்டிகளோ ஏழெட்டு வருடத்தில் பழசாகிவிடும். ஆகவே ஒவ்வொரு தலைமுறை நெட்வொர்க்குக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்த முறை பெட்டி மாற்றுவதற்குள் போட்ட பணம் திரும்புமா?

நண்பருக்காக ஒரு பேப்பரில் கணக்குப் போட்டேன். எண்கள் கணக்குக்காக எடுத்தவை. நூறு வீடுள்ள ஒரு தெருவில் தோண்டி இழை போட 2,40,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வீடு சேருகிறது. வீட்டுக்கு 4,000 ரூபாய் முதலீடு. மாத பில்லில் வரி, லைசென்ஸ் கட்டணம், கரண்ட், சம்பளம், வெளியே வாங்கும் பேண்ட்வித் எல்லாம் போக 150 ரூபாய் நிற்கிறது. பத்து சதவீத வட்டிக்கு வாங்கிய பணமென்றால் ஏறக்குறைய இரண்டரை வருடத்தில் அடைந்துவிடும்.

அதே தெருவில் மூன்று கம்பெனி தனித்தனியாகத் தோண்டினால்? ஒவ்வொருவரும் 2,40,000 செலவு செய்து ஆளுக்கு இருபது வீடு பிடிக்கிறார்கள். வீட்டுக்கு 12,000. அதற்கு மாத வட்டி மட்டுமே 100 ரூபாய். மிச்சமுள்ள ஐம்பதை வைத்து அசலை அடைக்கத் தொடங்கினால் கடன் தீரப் பதினோரு வருடம் ஆகும். பெட்டி மாற்ற வேண்டிய காலம் அதற்கு முன்பே வந்துவிடும்.

இப்போது தங்கை தெரு. நீளம் அதேதான், செலவும் அதேதான். ஆனால் காலி மனைகள் அதிகம், வீடு இருபத்தைந்துதான். அதில் பதினைந்து பேர் சேர்ந்தாலும் வீட்டுக்கு 16,000. கடன் அடைய இருபத்திரண்டு வருடம். போட்டிக்கு இன்னொருவர் இல்லாமல் ஒரே கம்பெனி போனாலே இதுதான் நிலை. அங்கிருப்பவர்கள் பில் கட்ட மாட்டார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. ஒரு மீட்டர் பள்ளத்துக்கு எத்தனை வாசல் என்பதுதான் கணக்கு. ஓடுகிற பஸ்ஸுக்கு டீசல் செலவு ஒன்றுதான், உள்ளே ஐந்து பேர் இருந்தாலும் ஐம்பது பேர் இருந்தாலும்.

"கம்பத்துல கட்டிட்டுப் போகலாமே?" என்றார். போகலாம், அப்படித்தான் பாதி ஊர் ஓடுகிறது. கேபிள் டிவி ஆபரேட்டர்கள் ஏற்கெனவே பிடித்துவைத்திருந்த பாதையிலேயே இன்டர்நெட்டும் போகிறது. முதல் செலவு வெகுவாகக் குறையும். ஆனால் 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் மரமும் கம்பமும் சாய்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தொங்கும் கேபிளுக்குப் பராமரிப்புச் செலவு ஓயாது. லாரி இழுத்துக்கொண்டு போகும், புது மின்கம்பம் நடும்போது அறுபடும்.

தோண்டுவதிலும் பணத்தைவிட நாட்கள்தான் அதிகம் போகின்றன. மேற்குப் புறநகரில் இது இன்னும் மோசம். அம்பத்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்து 7-ஆவது மண்டலமானது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியானது. திருவேற்காடும் பூந்தமல்லியும் நகராட்சிகள். சி.டி.எச். ரோடு நெடுஞ்சாலைத் துறையின் கையில். அரக்கோணம் ரயில் பாதையைக் கடக்க ரயில்வே அனுமதி வேண்டும். ஆவடியில் பாதுகாப்புத் துறை நிலம் குறுக்கே வந்தால் அதற்கு வேறு கதவைத் தட்ட வேண்டும். பூந்தமல்லிப் பக்கம் இழை கொண்டுபோகிறவர் சில கிலோமீட்டருக்குள் இத்தனை பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் ரோடு வெட்டவே விடுவதில்லை. அது சரியான முடிவுதான். ஆனால் வாங்கிய கடனுக்கு வட்டி மழைக்காலத்திலும் ஏறும். மத்திய அரசின் புதிய வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அனுமதிக்குக் காலக்கெடு, ஆன்லைன் விண்ணப்பம் என்று நல்ல ஏற்பாடுகள் அதில் உண்டு. அவை வார்டு அலுவலகம்வரை இறங்க வேண்டும்.

தோண்டவே வேண்டாம், காற்றில் வரட்டும் என்றால் 5ஜி இருக்கிறது. ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பரில் எட்டு நகரங்களில் தொடங்கியபோது சென்னையும் அதில் ஒன்று. மாடியில் ஒரு ரிசீவர் வைத்தால் பள்ளமில்லாமல் வீட்டுக்கு இன்டர்நெட் வந்துவிடும். தங்கை வீட்டுக்கு இன்றைக்கு நல்ல வழி அதுதான் என்று நண்பரிடம் சொன்னேன். ஆனால் அதிலும் ஒரு வரம்பு உண்டு. டவரின் அலைவரிசை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் பொது. ஒரு வீடு ராத்திரி டிவியில் படம் பார்க்க இழுக்கும் டேட்டா, போனில் ஒருவர் பார்ப்பதைப்போலப் பல மடங்கு. பத்து வீட்டுக்கு ஓடுவது இருநூறு வீட்டுக்கு அப்படியே ஓடாது. டவருக்கே ஃபைபர் வேண்டும், ஆகவே பள்ளம் முழுவதுமாக ஒழிவதில்லை.

காற்றும் சும்மா கிடைப்பதில்லை. 2022 ஆகஸ்ட் 1-ல் முடிந்த 5ஜி ஏலத்தில் அரசுக்கு வந்த மொத்த விலை 1,50,173 கோடி ரூபாய். ஜியோ மட்டும் 88,078 கோடி, ஏர்டெல் 43,084 கோடி. இருபது வருடத் தவணையில், வட்டியோடு. இது வெறும் அலைவரிசைக்கு. டவர், கருவி, ஃபைபர் எல்லாம் தனி. அப்படிப் போட்ட பிறகு 5ஜிக்கென்று தனியாக ஒரு ரூபாய் அதிகம் கேட்க முடியவில்லை. 4ஜி ரீசார்ஜிலேயே கொடுத்தார்கள். 2024 ஜூலையில்தான் விலையை ஏற்றினார்கள். பலருக்கும் கோபம். எனக்கும் வீட்டு பட்ஜெட் உண்டு, புரிகிறது. ஆனாலும் அந்த உயர்வு தவிர்க்க முடியாதது என்றே நினைக்கிறேன். காரணம், நாம் ஏர்செல்லைப் பார்த்தவர்கள்.

ஏர்செல் தமிழ்நாட்டில் பிறந்த கம்பெனி, சிவசங்கரன் 1999-ல் தொடங்கியது. பிறகு மலேசியாவின் மேக்சிஸ் கைக்குப் போனது. 2010-ல் 3ஜி ஏலத்தில் பதின்மூன்று தொலைத்தொடர்பு வட்டங்களுக்கு ஏறத்தாழ 6,500 கோடியும், எட்டு வட்டங்களில் பிராட்பேண்ட் அலைவரிசைக்கு 3,400 கோடிக்கு மேலும் கொடுத்தது. வருமானம் அந்த வேகத்தில் வரவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை சரிந்தது. 2017-ல் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு இணையும் பேச்சு முறிந்தது. டவர் வாடகை பாக்கி நின்றது, டவர்கள் அணைந்தன. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க சிக்னல் போனதும், கடைகளில் கூட்டம் முட்டியதும், எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள எஸ்எம்எஸ்கூட அனுப்ப முடியாமல் மக்கள் அலைந்ததும் நினைவிருக்கும். அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு போட்டது. கடன் 15,000 கோடிக்கு மேல். வங்கிக் கணக்கு, கேஸ் புக்கிங் எல்லாம் அந்த எண்ணில் இருந்தவர்களுக்கு அது பெரிய அடி. வோடஃபோன் ஐடியாவுக்கு அதே கதி வராமலிருக்க, 2025-ல் அரசு தனக்கு வர வேண்டிய 36,950 கோடி பாக்கியைப் பங்காக மாற்றி ஏறக்குறைய 49 சதவீதத்துக்குச் சொந்தக்காரராக நிற்கிறது. அதாவது ஏலத்தில் வாங்கிய விலையின் ஒரு பகுதி நம் தலையிலேயே திரும்ப வந்திருக்கிறது.

"அப்போ எஸ்டேட்ல கண்ணாடி கட்டடமா எழும்பிட்டு இருக்கே, அதுக்கு மட்டும் எப்படி லைன் பறந்து வருது?" நண்பர் கேட்டது டேட்டா சென்டர்களைப் பற்றி. என்டிடி 2023-ல் அம்பத்தூரில் ஒரு வளாகம் திறந்தது. புரூக்ஃபீல்டு, ஜியோ, டிஜிட்டல் ரியால்டி மூவரும் சேர்ந்த டிஜிட்டல் கனெக்ஸியன் 2024 ஜனவரியில் இன்னொன்றைத் திறந்தது. பழைய தொழிற்பேட்டையில் நிலமும் மின்சாரமும் உண்டு, கடலடி கேபிள்கள் சென்னைக் கரையில் ஏறுகின்றன. அங்கே ஓராயிரம் தெருக்கள் கட்டும் பில்லை ஒரு வாடிக்கையாளரே கட்டுவார். ஒரு பாதை அறுந்தால் இன்னொன்று வேண்டும் என்று வெவ்வேறு ரோடு வழியாக இழை கேட்பதும் அவர்தான். அங்கே மூன்று பள்ளம் தோண்டுவது வீணில்லை, அவசியம். அதே வேலையை நம் தெருவில் செய்தால் நஷ்டம்.

போட்டி வேண்டாமா என்றால் நிச்சயம் வேண்டும். எந்த இடத்தில் போட்டி என்பதில்தான் என் கருத்து. டவர் விஷயத்தில் இதை நாம் எப்போதோ தீர்த்துவிட்டோம். ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூவரும் சந்தையில் மோதிக்கொண்டே 2007-ல் இண்டஸ் டவர்ஸ் என்று ஒரு கம்பெனியைச் சேர்ந்து தொடங்கினார்கள். ஒரே கம்பத்தில் எல்லோர் ஆன்டெனாவும் ஏறியது. சிங்கப்பூர் இதையே ஃபைபருக்குச் செய்தது. வீடுகளுக்கு இழை போடும் வேலையை ஒரே நிறுவனத்திடம் கொடுத்து 75 கோடி சிங்கப்பூர் டாலர்வரை மானியமும் ஒதுக்கியது. இன்று அந்த இழைகளை வைத்திருக்கும் நெட்லிங்க் நிறுவனம் இன்டர்நெட்டை நேரடியாக விற்பதில்லை. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 எல்லோரும் கட்டுப்பாட்டு ஆணையம் நிர்ணயித்த வாடகையில் அதே இழையை எடுத்து, சேவையிலும் விலையிலும் போட்டியிடுகிறார்கள். வாடகையை வெளியாள் நிர்ணயிப்பதுதான் இதில் உயிர்நாடி. ஒரே ஆளிடம் பாதையையும் விலையையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் தூங்கிவிடுவார்.

தமிழ்நாட்டில் மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் திட்ட வேலையைச் செய்கிறது. நல்ல வேலை. ஆனால் அது கிராம ஊராட்சிகளுக்கானது. அம்பத்தூரின் அடர்ந்த தெருக்களைச் சந்தையே பார்த்துக்கொள்ளும். ஆவடி மாநகராட்சியின் ஓரத் தெரு, திருவேற்காட்டின் புது லேஅவுட் இவை ஊராட்சியும் இல்லை, சந்தைக்கு ருசிக்கும் நகரமும் இல்லை. சேவை சரியாக எட்டாத பகுதிகளுக்கென்று கம்பெனிகள் வருமானத்தில் ஐந்து சதவீதம் அரசு நிதிக்குக் கட்டுகின்றன. அந்தப் பணம் கடைசியில் நம் எல்லோருடைய பில்லிலிருந்தும் வருவது. இந்த ஓரங்களில் வசிப்பவர்களும் அதில் பங்கு கட்டுகிறார்கள்.

இதற்குப் பெரிய திட்டம்கூட வேண்டியதில்லை. பாதாள சாக்கடைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் ரோடு எப்படியும் திறக்கப்படுகிறது. அப்போதே ஒரு காலிக் குழாய் போட்டு, உள்ளாட்சி அதற்குச் சொந்தக்காரராக இருந்து, கேட்பவர் எல்லோருக்கும் ஒரே வாடகைக்கு விடலாம். 2023 தொலைத்தொடர்புச் சட்டமே பொதுக் குழாய்களுக்கு இடம் தருகிறது. நம் பேப்பர் கணக்கில் பள்ளமும் ரோடு சீரமைப்பும் 1,60,000 என்று எடுத்துக் கழித்தால், பதினைந்து வீடு சேர்ந்த தங்கை தெருவுக்குப் பாக்கி 80,000. வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் குழாய் வாடகை கட்டினாலும் இருபத்திரண்டு வருடம் நாலரை வருடத்துக்குச் சற்று மேலாகச் சுருங்குகிறது. பெட்டி பழசாவதற்குள் பணம் வந்துவிடும். கம்பெனி தானாக வரும்.

நண்பர் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், தங்கை ஊர் கவுன்சிலரிடம் காட்ட வேண்டுமாம். காட்டும்போது இரண்டு விஷயம் கேட்கச் சொன்னேன். அடுத்து எந்தத் தெருவில் வடிகால் வேலை, டெண்டரில் குழாய் உண்டா? குழாய் போட்டபின் யார் பராமரிப்பது, வாடகைப் பணம் எந்தக் கணக்கில் சேரும்? இரண்டாவதுக்குப் பதில் இல்லாவிட்டால் குழாய்க்குள் மண் அடைத்துவிடும், அடுத்த வருடம் யாராவது பக்கத்திலேயே இன்னொரு பள்ளம் தோண்டுவார்.