உங்க ரெஸ்யூமேல நீங்க இருக்கீங்களா பாஸ்?

ஃபைனல் இயர் முடிச்சாச்சு. ஃபேர்வெல்ல வெள்ளைச் சட்டையில பேனாவால கிறுக்கி, குரூப் போட்டோ எடுத்து, கண்ணைக் கசக்கி எல்லாம் ஆச்சு. அடுத்து? ‘ஒரு ரெஸ்யூமே ரெடி பண்ணு மச்சி’ன்னு ஊர் உலகமே சொல்லும். நீங்க என்ன செய்வீங்க? போன வருஷம் வேலைக்குப் போன சீனியருக்கு ஒரு வாட்ஸ்அப் தட்டுவீங்க. ஃபைல் வரும். அவர் பேரை அழிச்சுட்டு உங்க பேர், அவர் மார்க்கை அழிச்சுட்டு உங்க மார்க். முடிஞ்சது ஜோலி!

அந்த சீனியர் அதை யார்கிட்ட வாங்கினார்? அவருக்கு முந்தின சீனியர்கிட்ட. இப்படியே பின்னாடி போனா, ‘சவாலான பணியைத் தேடுகிறேன். என் திறமையும் நிறுவனமும் சேர்ந்து வளர வேண்டும்’ என்ற அந்த முதல் வரியை எழுதின புண்ணியவான் யாருன்னே கண்டுபிடிக்க முடியாது. ஆனா, ஒரே கிளாஸ்ல இருந்து அறுபது பேர் அதையே நீட்டும்போது, எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஹெச்.ஆர். நிலைமையை நினைச்சுப் பாருங்க. அறுபது பேருமே ‘ஹார்டு ஒர்க்கர்’. அறுபது பேருக்கும் ஹாபி பாட்டு கேட்பது. அவர் யாரைத்தான் கூப்பிடுவார்?

நம்ம கம்பம் பள்ளத்தாக்குல இதுக்கு மேல இன்னொரு சிக்கல் இருக்கு. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவுல இருக்கிற அனுமந்தன்பட்டியை எடுத்துக்குங்க. திராட்சைப் பந்தல், முல்லைப் பெரியாறு தண்ணியில விளையற நெல்லுன்னு சுத்திலும் விவசாயம். அங்கிருந்து காலேஜுக்குப் போன ஒரு பையனோ பொண்ணோ, லீவு நாள்ல பந்தலுக்குக் கீழ நின்னு பழம் வெட்டியிருப்பாங்க. வியாபாரி எடை போடும்போது பக்கத்துல நின்னு நோட்டுல குறிச்சிருப்பாங்க. கூலி, மருந்து, வண்டி வாடகை எல்லாம் கழிச்சு, ‘மிச்சம் இவ்வளவுதான்ப்பா’ன்னு அப்பாகிட்ட சொல்லியிருப்பாங்க. ரெஸ்யூமேல இதுல ஒரு வரிகூட இருக்காது. கேட்டா, ‘தோட்டத்து வேலையைப் போய் யாராச்சும் எழுதுவாங்களா?’ன்னு ஒரு கூச்சம்.

எழுதலாம் பாஸ், தாராளமா! கணக்கு, பேரம், ஆள் சேர்க்கிறது, சொன்ன நேரத்துக்குச் சரக்கை வண்டி ஏத்துறது... வேலைக்கு எடுக்கிறவங்க தேடுறதும் இதைத்தான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. தான் எந்த ஊர்க் காய்னு சொல்லிக்க பழத்துக்கு இருக்கிற தைரியம் நமக்கு வேணாமா?

‘அதெல்லாம் சரி, எனக்கு அரியர் இருக்கே, நடுவுல ஒரு வருஷம் கேப் வேற விழுந்துடுச்சே’ன்னு முனகுறது காதுல விழுது. உங்களுக்காகவே ஒரு அப்ளிகேஷனைக் காட்டுறேன். தேதி 1912, பிப்ரவரி 9. அனுப்பியவர் முகவரி திருவல்லிக்கேணி. சென்னை போர்ட் டிரஸ்ட்ல ஒரு கிளார்க் வேலை காலியா இருக்குன்னு கேள்விப்பட்டு எழுதினது. எழுதினவர் பேரு ராமானுஜன். ஆமா, நம்ம கணித மேதை ராமானுஜனேதான்!

அப்போ அவர் நிலைமை என்ன தெரியுமா? கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் போச்சு. சென்னை பச்சையப்பன் காலேஜ்ல சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வுல ஃபெயில். கணக்குல மட்டும் புலி, மத்த பாடமெல்லாம் காலை வாரிவிட்டிருச்சு. கையில டிகிரி கிடையாது. இப்போ நம்மாள் ஒருத்தர் அந்த இடத்துல இருந்தா என்ன பண்ணுவார்? எஃப்.ஏ. விஷயத்தை அப்படியே மறைச்சுட்டு, ‘டைனமிக் பர்சனாலிட்டி’ன்னு அடிச்சு விடுவார்.

ராமானுஜன் அப்படிச் செய்யலை. நாலஞ்சு வாக்கியத்துல விஷயத்தை முடிச்சுட்டார். மெட்ரிகுலேஷன் பாஸ் பண்ணியிருக்கேன், எஃப்.ஏ. வரைக்கும் படிச்சேன், சில எதிர்பாராத சூழ்நிலையால மேல படிக்க முடியலை. ஆனா, அதுக்கப்புறம் முழு நேரத்தையும் கணிதத்துலதான் செலவு பண்ணிக்கிட்டிருக்கேன். வேலை கொடுத்தா ஒழுங்கா செய்வேன்னு நம்பிக்கை இருக்கு. அவ்வளவுதான் சாரம். படிப்பு நின்னுபோனதை ஒரே வரியில ஒத்துக்கிட்டு, அந்தக் காலத்துல தான் சும்மா இல்லைங்கிறதை அடுத்த வரியிலேயே சொல்லிட்டார் பார்த்தீங்களா? அழுகையும் இல்லை, சாக்குப்போக்கும் இல்லை. நேர்காணல்ல ‘ஒய் திஸ் கேப்?’னு கேட்டா திருதிருன்னு முழிக்கிற எல்லாரும் கவனிக்க வேண்டிய இடம் இது.

கூடவே ஒரு சிபாரிசுக் கடிதமும் வெச்சார். கொடுத்தவர் பிரசிடென்சி காலேஜ் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட். இந்தப் பையனுக்குக் கணிதத்துல அசாத்தியத் திறமைன்னு, வேலை தெரிஞ்ச ஒருத்தர் சொன்ன சாட்சி அது. நாம என்ன செய்வோம்? நம்ம முகத்தைக்கூடப் பார்த்திராத ஒரு பெரிய மனுஷர்கிட்ட லெட்டர் வாங்க மாமாவைத் தூது அனுப்புவோம். அதுக்குப் பதிலா உங்களுக்கு லேப்ல பாடம் நடத்தின மேடத்தைக் கேளுங்க. நீங்க எதுல கெட்டின்னு அவங்களுக்குத் தெரியும்.

வேலை கிடைச்சுதா? 1912 மார்ச் 1-ம் தேதி சேர்ந்துட்டார். மாசம் 30 ரூபா சம்பளம்.

அடுத்த வருஷம் ஜனவரி 16. அதே கிளார்க், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் போடுறார். ஆரம்பமே, நான் போர்ட் டிரஸ்ட் ஆபீஸ்ல குமாஸ்தா, வருஷத்துக்கு 20 பவுண்டுதான் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு கிடையாதுன்னுதான். அதுக்கப்புறம் பக்கம் பக்கமா தேற்றங்கள்! ‘நான் பெரிய மேதை’ன்னு ஒரு வார்த்தை சொல்லிக்கலை. வேலையையே எடுத்து முன்னாடி வெச்சுட்டார். (அந்தக் கடிதத்துல தன் வயசு சுமார் 23-ன்னு எழுதியிருப்பார். நிஜத்துல 25 முடிஞ்சிருந்துச்சு. இந்த ஒரு விஷயத்துல மட்டும் அவரை ஃபாலோ பண்ணாதீங்க. இன்னிக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போது மாட்டிக்குவீங்க!)

போர்ட் டிரஸ்ட்டுக்கு எழுதினது நாலு வரி, ஹார்டிக்கு எழுதினது கத்தை காகிதம். ஆள் ஒருத்தர்தான், படிக்கப்போறவங்க வேற. ஒரே ரெஸ்யூமேவை பேங்குக்கும், பி.பி.ஓ.வுக்கும், கோயம்புத்தூர் பம்ப் கம்பெனிக்கும் சேர்த்து அனுப்புற மகராசர்களே... புரியுதுங்களா?

சரி, பேப்பரை எடுங்க

ரெஸ்யூமே இங்கிலீஷ்லதான் போகும். ஐடியாவுக்காக இங்கே தமிழ்ல சொல்றேன். ‘நல்ல தலைமைப் பண்பு உண்டு’ன்னு எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. ‘என்.எஸ்.எஸ். முகாமில் 7 நாட்கள், 50 பேருக்கான சாப்பாட்டுப் பொறுப்பு, தினசரி செலவுக் கணக்கு’ன்னு எழுதுங்க. தலைமைப் பண்பு தானா தெரியும். ‘எம்.எஸ். ஆபீஸ் தெரியும்’ங்கிறதை விட, ‘2 ஏக்கர் திராட்சைத் தோட்டத்தின் வரவு செலவை 3 வருடங்களாக எக்ஸெல்லில் பராமரித்தேன்’ங்கிறது எவ்வளவு கெத்து! நம்பர் இருக்கணும், நீங்க செஞ்ச காரியம் இருக்கணும். ஆனா, நிஜமா செஞ்சிருக்கணும்.

இன்ஜினீயரிங் மக்களுக்கு ஒரு ஸ்பெஷல் குறிப்பு. ப்ராஜெக்ட் தலைப்பை மட்டும் மூணு வரிக்கு நீட்டி எழுதாதீங்க. நாலு பேர் டீம்ல உங்க பங்கு என்ன? சர்க்யூட்டா, கோடிங்கா, ரிப்போர்ட் டைப் அடிச்சதா? அதை எழுதுங்க. காசு கொடுத்து வாங்கின ப்ராஜெக்டா இருந்தா, முதல் கேள்வியிலேயே குட்டு உடைஞ்சிடும். ‘நான் முதல்வன்’ திட்டத்துல கோர்ஸ் முடிச்சிருந்தாலும் அப்படித்தான். சான்றிதழ் பேரோட நிறுத்தாம, அதை வெச்சு என்ன செஞ்சீங்கன்னு ஒரு வரி சேருங்க.

அப்புறம், கல்யாண பயோடேட்டா வேற, ரெஸ்யூமே வேற. அப்பா தொழில், மதம், சாதி, உயரம், நிறம், ஆதார் நம்பர் எதுவும் தனியார் கம்பெனி ரெஸ்யூமேல வேண்டாம். (அரசு வேலை விண்ணப்பம் தனிக் கதை. அதுல கேட்கிறதையெல்லாம் நிரப்பித்தான் ஆகணும்.) ஃப்ரெஷருக்கு ஒரு பக்கம் போதும்.

பேரு விஷயத்துல நம்மூர்க்காரங்க ரொம்ப உஷாரா இருக்கணும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல இனிஷியல், பான் கார்டுல அப்பா பேர் முழுசா, ஆதார்ல வேற ஸ்பெல்லிங். ஊர்ப் பேரும் அப்படித்தான். தமிழ்ல அனுமந்தன்பட்டி. இங்கிலீஷ்ல ஒரு பேப்பர்ல ‘எச்’ல ஆரம்பிக்கும், இன்னொண்ணுல ‘ஏ’ல ஆரம்பிக்கும். வேலை கிடைச்சு சான்றிதழ் சரிபார்க்கிற நேரத்துல இந்தச் சின்ன விஷயம் பெரிய தலைவலி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல இருக்கிற பேரையே எல்லாத்துலயும் பிடிச்சுக்குங்க. மத்ததை இப்பவே திருத்துங்க.

நிறைய கம்பெனிகள்ல முதல்ல உங்க ரெஸ்யூமேவைப் படிக்கிறது மனுஷன் இல்லை, சாஃப்ட்வேர். கலர் கலரா ரெண்டு பத்தி, பெட்டிக்குள்ள பெட்டி, படம்னு டிசைன் பண்ணினா அது குழம்பிப்போக வாய்ப்பு உண்டு. ‘ஜாவா 80 சதவீதம்’னு பட்டை போடுறதையும் விட்டுடுங்க. எதுல 80 சதவீதம்னு யாருக்குத் தெரியும்? வேலை விளம்பரத்துல கேட்கிற திறமை உங்ககிட்ட இருந்தா, அதே வார்த்தையில எழுதுங்க.

சாட்ஜிபிடி எழுதித் தருமேங்கிறீங்களா? தரும். இங்கிலீஷைத் திருத்த அருமையான ஆள். ஆனா, உங்க தோட்டம், உங்க முகாம், உங்க அரியர் எதுவும் அதுக்குத் தெரியாது. நீங்க ஒண்ணும் சொல்லாம விட்டா, அதுவும் அந்த சீனியர் ஃபைலையேதான் கோட் சூட் மாட்டிக் கொடுக்கும்.

‘ரெண்டு வருஷ அனுபவம் போட்டுத் தர்றோம், பணம் கட்டு’ன்னு சொல்ற ஆளுங்க பெரிய ஊர்கள்ல உண்டு. அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதீங்க. சேர்ந்த பிறகு தெரிஞ்சாலும் வேலை போயிடும்.

எல்லாம் முடிச்சு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். ரெஸ்யூமேவை எடுத்துட்டு அடுப்படிக்குப் போங்க. அம்மாகிட்ட ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லுங்க. ‘இதெல்லாம் எப்படா செஞ்சே?’ன்னு அவங்க கேட்டா, அந்த வரியைத் தூக்கிடுங்க. ‘அந்த வருஷம் மழையில பழம் வெடிக்க ஆரம்பிச்சப்போ, ராத்திரியோட ராத்திரியா ஆள் பிடிச்சு நீதானே வண்டி ஏத்தி விட்ட, அதை எழுதலையா?’ன்னு கேட்டா, பேனாவை எடுங்க.