வளைந்த திரைக்கு ஒரே இருக்கை

ஹட்டன் கடைவீதியில், எங்கள் கடைக்கு மேலேயுள்ள வீட்டில் இருப்பது ஒரே மேசை. நானாவின் கணினியும் அதில்தான், என் உயர்தரப் பாடங்களும் அதில்தான். விளையாடுவதற்கென்று 49 அங்குல வளைந்த திரை வாங்கப் போவதாக நானா சொன்னதும், "நீ விசாரிச்சுச் சொல்லு மகள்" என்றார் வாப்பா.

முதலில் அளவு நாடாவை எடுத்தேன். திரையின் அகலம் ஏறக்குறைய 120 சென்ரிமீற்றர், மேசை 105. 27 அங்குலத் திரைகள் இரண்டை நடுச்சட்டமில்லாமல் ஒட்டியது போன்றது அது. கார்ப் பந்தயத்தில் பக்கவாட்டுப் பாதையும் தெரியும். அந்த மட்டில் நானா சொல்வது சரி.

ஆனால் அதிலுள்ள புள்ளிகள் 5120 × 1440. எங்களிடமிருக்கும் 1920 × 1080 திரையைப் போல மூன்றரை மடங்கு. பழைய கிராபிக்ஸ் கார்ட் திணறும். அதையும் மாற்ற வேண்டும். (இதை நானா வாப்பாவிடம் சொல்லவேயில்லை!)

வளைவுதான் முக்கியம். பெட்டியில் 1000ஆர் என்றிருந்தால், திரை ஒரு மீற்றர் ஆரையுள்ள வட்டத்தின் துண்டு. மையத்தில் இருப்பவரின் கண்ணுக்கு நடுவும் ஓரமும் ஒரே தூரம். பக்கத்து நாற்காலியில் இருக்கும் எனக்கோ கணித வரைபின் நேர்கோடும் வளைந்தே தெரியும். உம்மா பார்க்கும் நாடகம் 16:9. இந்த 32:9 திரையில் சரிபாதி கறுப்பாகவே கிடக்கும்.

34 அங்குலம், 3440 × 1440, வளைவு குறைந்த 1800ஆர் போதும் என்றேன். அகலம் 80 சென்ரிமீற்றர். என் புத்தகங்களுக்கும் இடம் மிஞ்சும். நானா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்று மட்டும் அளவு நாடாவைக் கேட்டு வாங்கிப் போனார்.